பனிக்காலை வெளிச்சத்தில் பெரியவரும் மாடுகளும் படத்தோடு ஒட்டவில்லை

கேள்வி (பாகூர்):
வணக்கம். மார்கழிக் காலையில் பாகூர் ஏரிக்கரையோடு மாடு ஓட்டிச் செல்லும் ஒரு பெரியவரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வருகிறேன். ஏரியும் பனைகளும் வானமும் நினைத்தபடி வந்துவிட்டன. ஆனால் பெரியவரும் மாடுகளும் மட்டும் வேறெங்கோ வெட்டி ஒட்டியவை போலத் தனித்து நிற்கிறார்கள். கொம்பு, திமில், தலைப்பாகை என அனைத்தையும் புகைப்படத்தில் உள்ளபடியே வரைந்திருக்கிறேன். மென்மையான வெளிச்சத்தில் உருவங்களை நிலக்காட்சியோடு இணைப்பது எப்படி?

பதில் (கடலூர்):
புகைப்படத்தில் உள்ளபடியே வரைந்ததுதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். எதிர்வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிழல்கள் பெரும்பாலும் கன்னங்கரேலென்று விழுந்துவிடும். நேரில் பார்த்தாலோ, பனித்துளிகளில் பட்டுச் சிதறும் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால், நிழலுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து கருமை வெளுத்துத் தெரியும். ஆகவே கறுப்பு மாட்டுக்கும் டியூபிலுள்ள கறுப்பை அப்படியே வைக்காமல், அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தைக் குழைத்து, வானத்துக்குக் கலந்த வண்ணத்தையும் சிறிது சேருங்கள். பின்னால் வரும் மாடுகளுக்கு அதைக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். ஒன்றையொன்று மறைத்து நிற்கும் மாடுகளின் உடல்களுக்கு இடையே கோடு வேண்டாம், ஒரே திரளாகக் கலக்கட்டும். கால்களில்தான் மிகுந்த கவனம் தேவை: குளம்புகளைத் தனித்தனியாகத் தீட்டாமல், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே புல்லின் நிறத்தை உலர்ந்த தூரிகையால் கணுக்கால்வரை மேல்நோக்கி இழுத்துவிட்டால் மாடு தரையில் ஊன்றி நிற்கும்.

பதில் (புதுச்சேரி):
மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் எல்லா விளிம்புகளையும் கரைத்துவிட்டால் படம் சோர்ந்துபோகும். நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரத்து ஓவியர் ஆல்பர்ட் கைப் (1620–1691) தீட்டிய மேய்ச்சல் காட்சிகளைப் பாருங்கள். தொடுவானத்தைத் தாழ்த்தி, பொன்னிற வானத்துக்கு எதிரே மாடுகளைக் கனமாக நிறுத்துகிறார். சூரியன் இருக்கும் பக்கத்து முதுகில் மட்டும் மெல்லிய ஒளிக்கீற்று ஓடுகிறது. உங்கள் படத்தில் அந்தக் கீற்று பெரியவரின் தோளுக்கும் அவரை ஒட்டி நடக்கும் மாட்டின் திமிலுக்கும் போதும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வண்ணம் முழுமையாகக் காய்ந்துவிட்டது. சுரண்டி எடுக்க வேண்டுமா?

பதில் (கடலூர்):
தேவையில்லை. டைட்டானியம் வெள்ளையில் துளி மஞ்சள் காவி கலந்து, தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு, பின்வரிசை மாடுகளின் மேலும் கால்களின் மேலும் அடி வண்ணம் தெரியும்படி மெல்லத் தேயுங்கள். முன்னால் நிற்பவரின் முகத்தை மட்டும் தொடாதீர்கள்.