எந்த வீடு எடுக்கலாம்? (குடும்பக் குழு)

அக்கா: ரெண்டு வீடு பார்த்து வச்சிருக்கோம். ஒண்ணு மெயின் ரோட்டு மேலயே, பெருசு, நல்ல காத்தோட்டம். இன்னொண்ணு உள்தெருவுல, கொஞ்சம் சின்னது. எது எடுக்கலாம், சொல்லுங்க.

சித்தி: உள்தெருவுக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்தியா? பிள்ளைங்க வெளிய விளையாடுதுங்களா, வாசல்ல யாராவது நின்னு பேசுறாங்களா?

அக்கா: பகல்லதான் போனோம் சித்தி.

தம்பி: சித்தி கேட்டது முக்கியம்க்கா. டொனால்ட் ஆப்பிள்யார்டுன்னு ஒருத்தர், 1969ல சான் பிரான்சிஸ்கோல மூணு தெருவை எடுத்து ஆராய்ச்சி பண்ணார். தினம் 2,000 வண்டி போற தெருவுல ஆளுக்குச் சராசரியா 3 நண்பர்கள் அதே தெருவுல இருந்தாங்க. 16,000 வண்டி போற தெருவுல 0.9தான். ஒரு ஆள்கூட முழுசா இல்ல!

மாமா: மெயின் ரோட்டுலயும் கடைகண்ணி இருக்கே, எப்பவும் ஜனம் இருக்கும்.

பெரியப்பா: மாப்பிள்ளை, ஜனம் இருக்கும், சரி. நம்ம பையன் இன்னொரு பிள்ளையை அடிச்சா, "ஏம்பா அடிக்கிற"ன்னு நின்னு கேக்க அங்க ஆள் இருக்குமா? வீட்டுல நாம ஆயிரம் சொல்லலாம். அடுத்தவங்களும் தன்னைக் கவனிக்கிறாங்கன்னு அவனுக்குத் தெருவுலதான் தெரியும்.

தம்பி: பெரியப்பா, கிட்டத்தட்ட இதையேதான் ராபர்ட் சாம்ப்சன்னு ஒரு சமூகவியல் ஆய்வாளரோட குழு, அமெரிக்காவுல சிகாகோல 343 பகுதியில 8,782 பேர்கிட்ட கேட்டது. பிள்ளைங்க ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு தெருமுனையில நின்னா, அக்கம்பக்கத்துல யாராவது தட்டிக் கேப்பாங்களான்னு. கேப்பாங்கன்னு ஜனங்க நம்பின இடங்கள்ல வன்முறை குறைவு. வறுமையைக் கணக்குல எடுத்த பிறகும் அப்படித்தான். 1997ல வெளியிட்டாங்க. ரொம்ப வருஷமா ஒரே இடத்துல குடியிருக்கிறவங்க நிறைய இருந்தா இந்த நம்பிக்கை கூடுதுன்னும் தெரிஞ்சுது.

சித்தி: ஆமா, அது ஒரு மாசத்துல வராது. சித்தப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ எதிர்வீட்டுல கேக்காமலே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷப் பழக்கம்!

அக்கா: எனக்கு அத்தையை நினைச்சாத்தான் கவலை. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல் முழுக்கத் தனியாத்தான் இருப்பாங்க.

தம்பி: அதுக்குத்தான்க்கா இதைச் சொல்றேன். 1995 ஜூலையில சிகாகோல அடிச்ச வெயில்ல 700 பேருக்கு மேல செத்துப்போனாங்க, நிறைய பேர் தனியா இருந்த வயசானவங்க. வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல்னு ஒட்டி ஒட்டி ரெண்டு பகுதி. ரெண்டுலயும் ஏழைங்க, தனியா இருக்கிற முதியவங்க உண்டு. ஆனா வடக்குல சாவு விகிதம் தெற்கைவிடப் பத்து மடங்கு. தெற்குல கடைத்தெருவும் நடமாட்டமுமா இருந்ததால வயசானவங்க வெளிய வந்து போனாங்க. வடக்குல நிறைய வீடு காலி, பயந்து கதவைச் சாத்திக்கிட்டாங்க.

மாமா: அப்போ கடைத்தெரு நல்லதுன்னுதானே ஆகுது?

தம்பி: நடந்து போற ஆள் இருக்கிற கடைத்தெரு நல்லது மாமா. அந்த மெயின் ரோட்டை அத்தையால தனியாக் கடக்க முடியுமா? உள்தெருவும் வெறிச்சோடிக் கிடந்தா வேண்டாம்தான்.

மாமா: அது நியாயம். அம்மாவால கடக்க முடியாது.

அக்கா: சரி, நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு இடத்துக்கும் போறோம். அக்கம்பக்கத்துல எத்தனை வருஷமா இருக்காங்கன்னும் விசாரிக்கிறேன்.

சித்தி: அத்தையையும் கூட்டிட்டுப் போ. யார்கிட்டயாவது அவங்களே பேச்சுக் கொடுத்துப் பார்க்கட்டும்.