தோல் ஆலையில் 30 நாள் பயிற்சி: எதைக் கத்துக்கணும்?

கேள்வி (வேலூர் மாணவன்): பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் பயிற்சி. வெறும் சான்றிதழோடு திரும்பக் கூடாது. எதைக் கவனிக்கணும்?

டிரம் யார்டு (பதனிடும் பிரிவில் வேலை செய்பவர்): தம்பி, தோலைக் குரோம்ல பதனிடுற சுழல் பீப்பாயான குரோம் டிரம் பக்கத்துலயே நில்லுங்க. முடி நீக்கின ஈரத்தோல் 1000 கிலோவுக்கு 8 சதவீதம்னு வச்சா, பதனிடுற ரசாயனமான பேசிக் குரோமியம் சல்ஃபேட் 80 கிலோ. அதுக்கு முன்னாடி பிக்கிள்ல, அதாவது உப்பும் அமிலமும் சேர்ந்த தண்ணியில ஊறும்போது, பிஎச் 2.8–3.0 வரணும். அங்க உப்பு குறைஞ்சா தோல் அமிலத்துல ஊதிப்போகும்.

கழுத்துப் பக்கம் தடிமனான இடத்தை வெட்டி, அமிலத்தை நிறத்துல காட்டுற புரோமோகிரிசால் கிரீன் ஒரு சொட்டு விடச் சொல்லிப் பாருங்க. வெட்டுமுகம் முழுக்க மஞ்சள்னா அமிலம் உள்ளே போயிருக்கு. நடுவுல நீலக்கோடு தெரிஞ்சா டிரம் இன்னும் ஓடணும். குரோம் உள்வரை இறங்கினதும், பிஎச்சை மெல்ல ஏத்த சோடியம் பைகார்பனேட் சுமார் 10 கிலோவை 100 லிட்டர் தண்ணியில கரைச்சு, அரை மணிக்கு ஒரு தடவையா மூணு தவணையில விடுவாங்க. கடைசி பிஎச் 3.8–4.0. அவசரப்பட்டு ஒரேயடியா ஊத்தினா குரோம் மேல்பரப்புலயே பிடிச்சுக்கும். மேலே திட்டுத்திட்டா கறை, உள்ளே பதமாகாத தோல்.

கொதிநீர்ச் சோதனையை நீங்களே செய்யக் கேளுங்க. துண்டை காகிதத்துல வச்சு ஓரம் வரைஞ்சு, 2 நிமிஷம் கொதிக்க வச்சு, திரும்ப அதே கோட்டுல வைங்க. சுருங்கியிருந்தா பதம் போதல. ஏன்னு கண்டுபிடிக்கிற பழக்கம் கல்லூரி லேப்ல வராது.

கழிவுநீர்க்காரன்: ஒரு எச்சரிக்கை. முடி நீக்குற சுண்ணாம்புக் குழியில் சல்ஃபைடு இருக்கும். அந்தத் தண்ணியும் பிக்கிள் அமிலத் தண்ணியும் கலந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போகும், நாத்தம் தெரியலன்னா வாயு போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. யார் விழுந்தாலும் தொட்டிக்குள்ள இறங்கக் கூடாது, கத்தி ஆளைக் கூப்பிடணும்.

பயிற்சிப் பொறுப்பாளர்: தினமும் நோட்டில் லாட் (ஒரு முறை டிரம்மில் போடும் தோல்) எடை, நேரம், பிஎச், வெப்பநிலை நாலையும் எழுதுங்கள். நேர்முகத்தில் அந்த நோட்டைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள். பட்டம் முடிந்தபின் 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு பயிற்சி உண்டு. அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். இந்த மே மாதப் பயிற்சி வேறு, அது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேலூர் மாணவன்: நன்றி சார், நன்றி அண்ணா. பிஎச் மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர் கரைசலை கல்லூரியிலிருந்து கொண்டு போகலாமா?

டிரம் யார்டு: அங்கேயே இருக்கும். இல்லன்னா பிஎச் 4, பிஎச் 7 ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. தினம் காலையில சரிபாருங்க. பயன்படுத்தினதை பாட்டில்ல திருப்பி ஊத்தாதீங்க.