அந்நிய பாஷை பேசாதவருக்கு ஆவியின் வரம் இல்லையா? என் வரத்தை நான் எப்படி அறிவது?

கேள்வி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் ஞானஸ்நானம் பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. வியாதிப்பட்டவர்களையும் துக்க வீட்டாரையும் சந்தித்து, அவர்களோடு உட்கார்ந்திருந்து, கேட்டால் ஜெபித்து வருவதே இத்தனை ஆண்டுகளாக நான் சபையில் செய்துவந்திருக்கும் பணி. அதை ஒரு வரம் என்று நான் எண்ணியதே இல்லை.

அண்மையில் எங்கள் ஐக்கியத்தில் ஒவ்வொருவருடைய ஆவிக்குரிய வரத்தையும், அதாவது பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்கு ஈவாகத் தரும் திறனையும், கண்டறிவதற்காக ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு 'உதவி', 'இரக்கம்' என்று வந்தது. அருகில் இருந்த சகோதரி, "அதுவும் ஒரு வரம்தானே" என்று ஆறுதல் சொன்னார். அந்த 'அதுவும்' என்ற சொல் என் மனதில் தைத்துவிட்டது. அதே வாரத்தில் ஒரு ஜெபக்குழுவில், அந்நிய பாஷை (கற்றறியாத பாஷையில் ஆவியின் ஏவுதலால் பேசுவது) பேசாதவர்கள் இன்னும் ஆவியைப் பெறாதவர்களே என்று ஒருவர் போதித்தார். நான் பலமுறை உபவாசித்துக் கேட்டும் எனக்கு அந்த அனுபவம் கிடைக்கவில்லை.

என் வரம் எது என்பதை நான் எப்படி நிச்சயப்படுத்திக்கொள்வது? இயல்பாகவே எனக்கு வரும் ஒரு காரியத்தை ஆவியின் வரம் என்று சொல்லலாமா? வேத வசனத்தோடு விளக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

அன்புள்ள சகோதரிக்கு, பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு நடத்திவருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். 1 கொரிந்தியர் 12:7 நமது பழைய மொழிபெயர்ப்பில், ஆவியினுடைய அநுக்கிரகம் "அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று" அளிக்கப்பட்டிருக்கிறது என்று இருக்கிறது. இதை வாசிக்கிற நம்மில் பலர், வரம் என்பது அதைப் பெற்றவருடைய சொந்த நன்மைக்கானது என்று அறியாமலே எண்ணிக்கொள்கிறோம். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் 'அவனவனுடைய' என்ற உடைமைச் சொல் கிடையாது. ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படுகிறது, நன்மை உண்டாவதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதே அங்குள்ளது. அந்த நன்மை யாருடையது என்பதை, ஒரு சரீரத்தின் பல அவயவங்களைப் பற்றிப் பேசும் அந்த அதிகாரம் முழுவதும் விளக்குகிறது. கண் பார்ப்பது கண்ணுக்காக மட்டும் அல்லவே. ஆகவே, "எனக்கு என்ன இருக்கிறது?" என்று உள்ளே தேடுவதைவிட, "என் மூலமாக யார் கட்டப்பட்டார்கள்?" என்று சுற்றிலும் பார்ப்பதே இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் காட்டுகிற வழி என்று நான் நம்புகிறேன்.

கேள்வித்தாளை நான் முற்றிலும் தள்ளமாட்டேன். ஆயினும் அது உங்கள் விருப்பங்களையும் பழக்கங்களையும் உங்களிடமே கேட்டு உங்களிடமே திருப்பித் தருகிறது. புதிய ஏற்பாட்டில் யாரும் அப்படித் தங்கள் வரத்தைக் கண்டுபிடித்ததாக நாம் வாசிப்பதில்லை. யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துப் பாருங்கள். அவள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து அழுது, அவள் தங்களோடு இருந்தபோது செய்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 9:39). அவளுடைய வரத்திற்கு அந்த உடைகளை உடுத்தியவர்களே சாட்சிகளாக நின்றார்கள்.

'அதுவும்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். 1 கொரிந்தியர் 12:28இல் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள் என்று எழுதிவந்த பவுல், மூச்சு விடாமல் அதே வரியில் 'உதவிகள்', 'ஆளுகைகள்' என்று தொடர்கிறார். நாம் கீழே வைத்ததை அவர் கீழே வைக்கவில்லை. பலவீனமாய்க் காணப்படுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று சற்று முன்னர் 22ஆம் வசனத்தில் எழுதியவரும் அவரே.

இயல்பான திறமை வரமாகுமா என்ற கேள்விக்கு, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலை நினைவுகூரலாம். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் கைத்திறனுக்காகவே கர்த்தர் அவனைத் தேவ ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31 சொல்லுகிறது. உங்களைப் படைத்தவரும் உங்களுக்குத் தம் ஆவியைத் தந்தவரும் ஒருவரே என்பதால், இயல்புக்கும் வரத்துக்கும் நடுவே நாம் எழுப்புகிற சுவர் அவ்வளவு உறுதியானது அல்ல. வரத்தைக் குறிக்கும் 'காரிஸ்மா' என்ற கிரேக்கச் சொல் கிருபையைக் குறிக்கும் 'காரிஸ்' என்பதிலிருந்து வருகிறது. பெற்றுக்கொண்டது என்று அறிந்து, அவருடைய நாமத்தில் பிறருக்காகச் செலவிடும்போது, இயல்பாய் வருவதும் அந்தக் கிருபைக்குள் அடங்கும்.

மறுமொழி 2

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன், அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவன். எங்களைப் போன்றவர்களின் பேச்சினால் நீங்கள் காயப்பட்டிருப்பதற்காக வருந்துகிறேன்.

எங்கள் சபைகளில் பல, அப்போஸ்தலர் 2, 10, 19 ஆகிய அதிகாரங்களின் அடிப்படையில், ஆவியின் அபிஷேகத்துக்கு, அதாவது விசுவாசி ஆவியினால் நிரப்பப்படும் அனுபவத்துக்கு, அந்நிய பாஷை ஆரம்ப அடையாளம் என்று போதிக்கின்றன. ஆனால் அபிஷேகத்தின் அடையாளம் வேறு, சபையில் செயல்படும் பாஷை வரம் வேறு என்று அதே சபைகளே பிரித்துச் சொல்வதும் உண்டு. ஏனெனில் "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று 1 கொரிந்தியர் 12:30இல் பவுல் கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்பதே விடை. மேலும், அந்நிய பாஷை பேசாத விசுவாசியினிடத்தில் ஆவியானவரே இல்லை என்பது எங்கள் முறையான போதனையும் அல்ல. கிறிஸ்துவின் ஆவியில்லாதவன் அவருடையவனல்ல என்று ரோமர் 8:9 சொல்வதால், அவருடையவர்கள் எல்லாரிடத்திலும் அவர் வாசமாயிருக்கிறார். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் தொடங்கிய எழுப்புதலை வழிநடத்திய வில்லியம் சீமோரும், அன்பில்லாத இடத்தில் பாஷையை மட்டும் ஆவியின் நிறைவுக்குச் சான்றாக ஏற்றுக்கொள்ளவில்லை. இதை எங்கள் கூட்டங்களில் இன்னும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது என் ஆதங்கம்.

முந்தைய மறுமொழியில் ஒரு குறையும் காண்கிறேன். இருப்பதோடு அமைந்துவிடலாம் என்ற எண்ணம் அதனால் உண்டாகக்கூடும். "அன்பை நாடுங்கள், ஞானவரங்களையும் விரும்புங்கள்" என்பது கட்டளை (1 கொரிந்தியர் 14:1). விரும்பிக் கேளுங்கள், ஆனால் கிடைக்காததைத் தண்டனையாக எண்ணாதீர்கள். ஆவியானவர் தமது சித்தத்தின்படியே பகிர்ந்துகொடுக்கிறார்.

மறுமொழி 1 எழுதியவர்

சகோதரர் சுட்டிக்காட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். விரும்புங்கள் என்று எழுதியிருப்பதை நான் சொல்லாமல் விட்டது சரியல்ல. அப்போஸ்தலர் காலத்தோடு அற்புத வரங்கள் நின்றுவிட்டன என்று கருதும் சபையில் வளர்ந்தவன் நான். அந்தக் கருத்தில் நான் இப்போது முன்போல் உறுதியாக இல்லை. ஆயினும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதில் மட்டும் என் மனம் மாறவில்லை.

மறுமொழி 3

அந்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. தீர்க்கதரிசனம் என்ற பெயரில் ஒருவர் என் குடும்பத்தாரின் திருமணத்தைக் குறித்துச் சொன்னதை நாங்கள் யாரிடமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். அதன் வேதனை நீண்ட காலம் நீடித்தது. இன்றைக்குத் திரும்பிப் பார்க்கும்போது, சொன்னவருடைய தவறைவிட, நிதானித்துப் பார்க்காத எங்கள் தவறே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தீர்க்கதரிசிகள் இரண்டு பேராவது மூன்று பேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று 1 கொரிந்தியர் 14:29 கட்டளையிடுகிறது. கேட்கிற சபைக்கும் அங்கே வேலை இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கும் பவுல், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்றும், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்றும் ஒருசேர எழுதுகிறார். 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று தொடங்கிவிட்டால் எதிர்த்துக் கேட்பதே பாவம் என்று எண்ணவைக்கிற எந்த வரத்தையும் குறித்து எச்சரிக்கையாய் இருங்கள். பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் என்று 14:3 சொல்லும் மூன்றில் ஒன்றும் இல்லாமல் பயம் மட்டும் மிஞ்சுமானால், அங்கே நின்று மூப்பர்களிடம் பேசுவது நல்லது. கொரிந்து சபையார் யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று எழுதின அதே நிருபத்தில், அவர்களை மாம்சத்துக்குரியவர்கள் என்றும் பவுல் கடிந்துகொள்கிறார். வரம் இருப்பது முதிர்ச்சிக்கு அத்தாட்சி அல்ல.

கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விதவைகள் காட்டிய உடைகளைப் பற்றி வாசித்தபோது, நான் சந்தித்த பல முகங்கள் நினைவுக்கு வந்தன. இன்னொன்றையும் ஒளிக்காமல் கேட்கிறேன். இது என் வரமாக இருந்தால், ஏன் சில நாட்களில் எனக்குப் போகவே மனம் வருவதில்லை? "இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன்" என்று ரோமர் 12:8 சொல்கிறது. ஒரு மரணப் படுக்கையின் அருகிலிருந்து வந்தபின் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும்போது என்னிடம் உற்சாகம் இருப்பதில்லை.

மறுமொழி 4

சகோதரி, மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்குப் பணிவிடை செய்யும் வேலையில் நான் நீண்ட நாட்களாக இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சோர்வு வந்தால் வரம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பவுலின் இளைய உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு மூப்பர்கள் கைகளை வைத்தபோது வரம் கொடுக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவனுக்கே, அந்த வரத்தை அனல்மூட்டி எழுப்பிவிடும்படி பவுல் நினைப்பூட்டவேண்டியிருந்தது (2 தீமோத்தேயு 1:6). நெருப்பு இல்லாத இடத்தில் அனல்மூட்ட முடியாது. தணிந்திருப்பது அணைந்துபோனதாகிவிடாது.

'உற்சாகத்துடனே' என்பதற்குச் சிரித்த முகத்தோடு என்று பொருள்கொண்டு நானும் என்னை வருத்திக்கொண்டது உண்டு. இப்போது அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். வேண்டாவெறுப்பாய்ச் செய்யப்படுகிற இரக்கத்தை வியாதிப்பட்டவர் உடனே உணர்ந்துகொள்கிறார். தான் ஒரு பாரம் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. அந்த எண்ணம் அவருக்கு வராதபடி காப்பதே அந்த வசனம் கேட்கிற உற்சாகம் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு நாளில் ஆறு வீடுகளுக்குப் போகவேண்டியதில்லை. இரண்டு வீடுகள் போதும் என்றால் இரண்டோடு திரும்பிவிடுங்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகராயிருந்து சாப்பிடவும் நேரமில்லாதிருந்தபோது, "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று ஆண்டவரே தம் சீஷர்களை அழைத்துக்கொண்டு போனார்.

பேதுரு நம்மை 'நல்ல உக்கிராணக்காரர்', அதாவது எஜமானுடைய களஞ்சியத்தைப் பொறுப்பாய்க் கவனிக்கிறவர்கள், என்று அழைக்கிறார் (1 பேதுரு 4:10). உக்கிராணத்தில் இருப்பது எஜமானுடையது, அதைப் பூட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை. அதே காரணத்தினால், அது தீர்ந்துபோனால் நிரப்பவேண்டிய பொறுப்பும் நம்முடையது அல்ல. மோசேயின் மாமன் எத்திரோ அவனிடம், நீ செய்கிற காரியம் நல்லதல்ல, நீயும் உன்னோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொல்லி, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆட்களை ஏற்படுத்தும்படி புத்தி சொன்னார். உங்கள் ஐக்கியத்தில் இளையவர் ஒருவரை அடுத்த சந்திப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் ஒன்றும் பேசவேண்டாம், உங்களோடு உட்கார்ந்திருக்கட்டும். வீட்டிலிருந்து வெளியே வந்தபின், திரும்பி நடக்கும் வழியில், அவர் என்ன கண்டார் என்று கேளுங்கள். நான் அந்தப் பணியை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.