ஜூம் – பெருக்கமா, அணுக்கமா? திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

கல்லூரியில் கணினி விளையாட்டு வடிவமைப்பை விருப்பப் பாடமாக எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். இந்தப் பருவம் குறிப்புகளைத் தமிழிலேயே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த பாடம் வரலாற்றுப் பெருவியூக ஆட்டங்களின் வரைபடம். திங்கட்கிழமை காலையில் நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். ‘ஜூம்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் வந்து நிற்கிறேன்.

இந்த ஆட்டங்களை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ வர்ணா போருக்கு மறுநாள், 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. திரை முழுக்க உலக வரைபடம்தான். போர், வரி, வாணிகம் எல்லாம் அதன் மேலேயே நடக்கும்.

போன வாரம் இதைப் புரொஜெக்டரில் போட்டு, ஒரு மாணவியிடம் மவுஸைக் கொடுத்து, “உல்ம் நகரைத் தேர்ந்தெடு” என்றேன். உல்ம் தென் ஜெர்மனியில் டான்யூப் கரையில் இருக்கிறது. புனித ரோமப் பேரரசுக்குள் ஒரே ஒரு மாகாணம் மட்டுமே உள்ள நகர அரசு. ஐரோப்பா முழுவதும் தெரிகிற தொலைவிலிருந்து கிளிக் செய்தாள், பக்கத்து அரசான வுர்ட்டெம்பெர்க் வந்தது. மறுபடியும் முயன்றாள், அவுக்ஸ்பர்க் வந்தது. அப்புறம் சக்கரத்தை உருட்டி உள்ளே போனாள். உல்ம் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. ஆனால் அதைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பது திரையை விட்டுப் போய்விட்டது. “மேடம், கிட்டப் போனா ஊர் தெரியுது, நாடு தெரியல. தள்ளி வந்தா நாடு தெரியுது, ஊர் தெரியல” என்றாள். என் பாடம் முழுவதும் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது.

இதே நிறுவனத்தின் ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ (2020) இதை வேறு விதமாகக் கையாள்கிறது. கிட்டே போனால் கோட்டையும் ஊரும் தேவாலயமும் தெரியும். விலகினால் அவை மறைந்து அரசுகளின் நிறங்களும் பெயர்களும் வரும். இன்னும் விலகினால் நிலமே பழங்காலத் தோல் சுவடியில் வரைந்த ஓவியம் போல் ஆகிவிடும். இங்கே படம் சிறிதாகவில்லை, வேறு படம் வருகிறது. 1993-இல் கணினி ஆய்வாளர்கள் கென் பெர்லினும் டேவிட் ஃபாக்ஸும் தங்கள் கட்டுரையில் இதைத்தான் ‘செமான்டிக் ஜூம்’ என்றார்கள்.

எனக்கு வேண்டியவை: ஜூம், அதன் உள்–வெளி இரண்டு வினைகள், செமான்டிக் ஜூம். ‘உருப்பெருக்கம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அது நுண்ணோக்கிப் பாடத்துக்கு உரியது.

– செ.

---

செ. அக்கா,

இதற்கு விவாதமே தேவையில்லை என்று நினைக்கிறேன். பெரிதாக்கு, சிறிதாக்கு. கைப்பேசியிலும் உலாவியிலும் இவைதான் பழகிவிட்டன. என் அம்மா கல்யாணப் பத்திரிகையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, “இதைப் பெருசாக்கிக் காட்டு” என்றுதான் கேட்கிறார். பொத்தானுக்கு அளவான சொல், குழந்தைக்கும் புரியும். செமான்டிக் ஜூமுக்குப் ‘பொருள்சார் பெரிதாக்கம்’. பாடத்தில் வரும் யூசபிலிட்டிக்கு, அதாவது பயன்படுத்த எளிதாக இருப்பதற்கு, ‘பயன்படுதன்மை’. திங்கட்கிழமைக்கு இது போதும்.

– மு.

---

அன்பு மகள் செ. அவர்களுக்கும் தம்பி மு.வுக்கும்,

தம்பி சொல்வது எளிது. ஆனால் மகளின் வினாவுக்கு அது விடையாகவில்லை. படத்தின் அளவு மாறவில்லை, வேறு படமே வருகிறது என்று அவர்தாம் எழுதியிருக்கிறாரே. அதைப் ‘பெரிதாக்கம்’ என்று பெயரிட்டால் பெயரே பாடத்தை மறுத்துவிடும்.

இலக்கணத்தில் இதற்கு ஓர் உவமை ஏற்கெனவே இருக்கிறது. நன்னூலார் சூத்திரங்களின் அமைப்பைச் சொல்லும்போது ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கு சொல்கிறார். வானில் வட்டமிடும் பருந்து ஊர் முழுவதையும் காண்கிறது. இரையைக் கண்டதும் அந்த ஓர் இடத்துக்கு நேரே இறங்குகிறது. உங்கள் மாணவி உல்ம் நகருக்கு இறங்கியதும் அப்படித்தான். ‘பருந்துவீழ்வு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதற்குப் ‘பருந்தெழுச்சி’.

‘சூம்’ என்று சிலர் கிரந்தம் தவிர்த்து எழுதுகிறார்கள். அதை மட்டும் வேண்டாம் என்பேன். கை சூம்பிப்போயிற்று, காய் சூம்பிப்போயிற்று என்கிறோம். கேட்பவர் காதில் சுருங்குதல் பொருள்தான் விழும்.

– பு.

---

ஐயா,

பருந்தை நான் ரசித்தேன். ஆனால் ஜூம் முதலில் இறங்குவதற்கு வைத்த பெயர் இல்லை. அது ரீங்காரத்தைக் குறிக்கும் ஒலிக்குறிப்பு. முதல் உலகப் போர்க் கால விமானிகள், விமானம் செங்குத்தாக விர்ரென்று மேலே ஏறுவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஒளிப்படக் கருவிக்கு வந்தது பிறகுதான். மூலச் சொல்லே பொருள் மாறி மாறி வந்திருக்கும்போது, நாம் மட்டும் வேர் பார்த்து ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்?

அதோடு மாணவர்கள் ஒரு நாளில் நூறு முறை சக்கரத்தை உருட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் பருந்து வீழ முடியாது.

– மு.

---

அனைவருக்கும் வணக்கம்.

நான் நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். கணினி ஆட்டம் தெரியாது. ஆனால் அந்தப் பெண் சொன்ன குறை எங்களுக்கு நன்றாகத் தெரிந்த குறை.

இந்திய நில அளவைத் துறையின் 1:2,50,000 தாள் ஒன்று, ஒரு பாகை அகலமும் ஒரு பாகை உயரமும் உள்ள நிலத்தைக் காட்டும். அதே நிலத்தை 1:50,000 அளவையில் பார்க்கப் பதினாறு தாள்கள் வேண்டும். ஒவ்வொன்றும் பதினைந்து கலைக்குப் பதினைந்து கலை (ஒரு பாகைக்கு அறுபது கலை). முதல் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பதினாறு தாள்களில் உள்ளது கிடைக்காது. முதல் தாளில் ஓடைகளில் பலவற்றை விட்டிருப்பார்கள், சாலையின் வளைவுகளை நீட்டி நேராக்கியிருப்பார்கள், ஊரை ஒரு குறியாக்கியிருப்பார்கள். எதை விடுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். வரைபடக் கலையில் கடினமான வேலை அதுதான், வரைவது அன்று.

ஆகவே நாங்கள் பெரிதாக்கியதே இல்லை. தாள் மாற்றினோம். செமான்டிக் ஜூம் என்று நீங்கள் சொல்வதற்குத் ‘தாள்மாற்றம்’ என்பதே என் பரிந்துரை.

இன்னொன்று. ‘பேரளவை’, ‘சிற்றளவை’ என்ற சொற்களை மாணவர்களுக்குக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். சிறிய இடத்தை விரிவாகக் காட்டுவதுதான் பேரளவைப் படம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் முதல் மாதம் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

– தி.

---

தி. சேருக்கும் செ. ரீச்சருக்கும்,

யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில் முதலில் ஒரு முறைப்பாடு. நீங்கள் எல்லாரும் ‘வரைபடம்’ என்று எழுதுகிறீர்கள். தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் கிராஃபுக்கும் அதுதானே பெயர்? நாங்கள் கிராஃபை ‘வரைபு’ என்போம், மேப்பை ‘தேசப்படம்’ என்போம். ஆட்டத்தில் இரண்டுமே வரும். வருமானம் ஏறி இறங்குவதைக் காட்டுவதும் வரைபடம், ஜெர்மனியைக் காட்டுவதும் வரைபடம் என்றால் மாணவர் எதைப் பார்ப்பது? குறைந்தது ‘நிலப்படம்’ என்றாவது எழுதுங்கோ.

இனி ஜூம். ரீச்சர் க்ரூசேடர் கிங்ஸில் மூன்று தட்டுகள் சொன்னார். ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியர் சொன்னதும் மூன்றுதான். இ அண்மைக்கு, அ சேய்மைக்கு, உ இடையில் உள்ளதற்கு. உங்கள் பக்கத்தில் உ பேச்சில் மறைந்துவிட்டது. எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. “உங்கை என்ன சத்தம்?” என்று தொலைபேசியில் கேட்போம். அதனால் அண்மைத் தட்டு, இடைமைத் தட்டு, சேய்மைத் தட்டு என்று வைக்கலாம். எத்தனையாவது தட்டு என்று எண் சொல்வதைவிட இது விளங்கும்.

– க.

---

அன்பு க. அவர்களே,

உகரச் சுட்டை நீங்கள் கொண்டுவந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் உங்கள் சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது. “உங்கை என்ன சத்தம்” என்றால் நடுத் தொலைவில் என்ற பொருளா? கேட்பவருக்கு அருகில் என்பதுதானே? தொலைபேசியின் மறுமுனை ஆயிரம் கல் தள்ளியும் இருக்கலாம். இடைமை என்பது உரையாசிரியர்கள் காட்டிய பொருள். பேச்சு வழக்கு முன்னிலையைச் சுட்டுகிறது. இதைத் தனி மடலாக விரித்து எழுத விரும்புகிறேன்.

பருந்தை நான் விட்டுவிடுகிறேன். நேற்றிரவு படுத்திருந்தபோது ஒரு குறள் நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்தேன்.

அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க
இகல்வேந்தர்ச் சேர்ந்தொழுகு வார்.

மகளே, உங்கள் மாணவியின் இடர் இதுவேதான். மிக அணுகினால் ஓர் இழப்பு, மிக அகன்றால் ஓர் இழப்பு. ‘அகல்’ என்ற வினைக்கு நீங்குதல், விரிதல் என்று இரண்டு பொருள். பார்ப்பவர் நீங்கும்போது காட்சி விரிகிறது. ஒரே சொல் இரண்டையும் சொல்லிவிடுகிறது. வேறு எந்த மொழியிலும் இவ்வளவு பொருத்தம் அமையுமா தெரியவில்லை. உள்ளே போக ‘அணுகு’, வெளியே வர ‘அகல்’, ஜூமுக்குப் பொதுப்பெயர் ‘அணுக்கம்’.

க்ரூசேடர் கிங்ஸ் ஆட்டத்தில் பாரனி, கவுண்ட்டி, டச்சி என்று ஆட்சிப் பிரிவுகள் இருப்பதாகத் தம்பி தனிமடலில் சொன்னார். ஊர், கூற்றம், வளநாடு, மண்டலம் என்று சோழர் கல்வெட்டுகளில் வரிசையாகக் கிடக்கின்றனவே. அவற்றையும் எடுத்தாளலாம்.

– பு.

---

ஐயா,

குறள் அருமை. ஆனால் ‘அணுகு’ என்பதைப் பொத்தானில் எழுத முடியாது. கணினித் தமிழில் அணுகல் என்றால் ஆக்சஸ். ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்ற செய்தியைப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கோப்பைத் திறக்கும் வசதி என்றுதான் நினைப்பார்கள். அணுகல்தன்மை என்றால் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும் வசதி. பாடமே பயன்படுதன்மை பற்றியது. அதே பக்கத்தில் அணுகல்தன்மையும் வரும், அணுகலும் வரும். மூன்றும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நெருங்கு, விலகு என்று வைத்தால் என்ன?

– மு.

---

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த ஆட்டங்களை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆடியவன். நாங்கள் “ஜூம் பண்ணு”, “ஜூம் அவுட்ல பாரு” என்றுதான் சொல்கிறோம். அது இனி மாறாது. ஜூமை அப்படியே விட்டுவிட்டு, தமிழில் பெயரே இல்லாத செமான்டிக் ஜூமுக்கு மட்டும் நல்ல பெயர் கொடுங்கள். எனக்கு ‘தாள்மாற்றம்’ உடனே புரிந்தது.

– ஜெ.

---

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு இரவு பத்து மணி. முடிவு செய்தாக வேண்டும்.

பு. ஐயா, கூற்றத்தை மட்டும் மன்னியுங்கள். மாணவர்கள் பார்ப்பது பவேரியாவையும் சுவாபியாவையும். அங்கே கூற்றம் என்று எழுதினால் அந்த ஊர் பிரபு நம் ஊர் நாட்டாரைப் போல் ஆகிவிடுவார். அந்தப் பிரிவுகளின் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

க. அண்ணா சொன்னபடி ‘நிலப்படம்’ என்று மாற்றிவிட்டேன். அண்மை, இடைமை, சேய்மைத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டேன்.

மாணவி சொன்ன ‘கிட்ட’, ‘தள்ளி’ இரண்டையும் வைத்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. கிட்டப்பார்வை என்று எழுதிப் பார்த்தால் அது கண் குறைபாட்டின் பெயர். விட்டுவிட்டேன்.

குறிப்பில் இப்படிப் போகிறது: ஜூமுக்கு ‘அணுக்கம்’. வினைகளுக்கு ‘நெருங்கு’, ‘விலகு’. ‘அகல்’ என்பதைக் குறளோடு சேர்த்து ஒரு பத்தியில் விளக்கியிருக்கிறேன், பொத்தானில் வைக்கவில்லை. செமான்டிக் ஜூமுக்குப் ‘பொருள்மாறு அணுக்கம்’. தி. சாரின் பதினாறு தாள்களை முழுப் பக்க எடுத்துக்காட்டாகவே போட்டிருக்கிறேன். எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார் என்ற அவருடைய வரிதான் பாடத்தின் முதல் வரி.

தேர்வு விடைத்தாளில் ஜூம் என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு.

– செ.

---

அக்கா, அச்சுக்குப் போகட்டும். என் சொற்கோப்பில் மட்டும் பெரிதாக்கு, சிறிதாக்கு என்றே தொடர்கிறேன். ஏற்கெனவே பழகியதை மாற்றினால் பயனர்தான் தடுமாறுவார்.

– மு.

---

செ. அம்மாவுக்கு,

வகுப்பு நல்லபடியாக நடந்தது என்று நேற்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ‘பொருள்மாறு’ என்பதில் பொருள் என்றால் அர்த்தமா, படத்தில் உள்ள கோட்டை முதலான பொருள்களா என்று ஒரு மாணவர் கேட்டதாகவும், இரண்டும் சரிதான் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கோட்டை அங்கேயேதான் இருக்கிறது. உல்ம் அங்கேயேதான் இருக்கிறது. வரைபவர் காட்டவில்லை, அவ்வளவுதான். பொருள் மாறுகிறது என்று சொன்னால் அந்த மனிதரின் முடிவு மறைந்துபோகிறது. தாள் மாறுகிறது என்றால், தாளை மாற்றியவர் ஒருவர் இருக்கிறார் என்பதாவது தெரியும். அடுத்த பருவத்துக் குறிப்பில் இதை மறுபடி பாருங்கள். அதுவரை இந்த இழையை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– தி.