சரெட்டுக்குத் தமிழ் என்ன? துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

ஏற்காடு அடிவாரம், ஆசிரியை:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரை ஒட்டிய கருங்கல் குவாரி குத்தகை முடிந்து சும்மா கிடக்கிறது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். அந்த இடத்தை இனி என்ன செய்யலாம் என்று ஊர் மக்களும் கட்டடக்கலை மாணவர்களும் மூன்று நாள் ஒன்றாக உட்கார்ந்து, பேசிப் பேசி வரைந்து, ஒரு திட்டத்துக்கு வரப் போகிறார்கள். மாணவர்கள் இதைச் ‘சரெட்’ என்கிறார்கள். வீடு வீடாகக் கொடுக்கும் தாளில் இந்தச் சொல்லைப் போட முடியாது. ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்று எழுதி, பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். “மறுபடியும் குவாரி திறக்கப் போறாங்களா டீச்சர்?” என்று பயந்துபோய்க் கேட்டார். வேறு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வேரைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். சரெட் பிரெஞ்சுச் சொல், சிறுவண்டி என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கலைப்பள்ளியில், கெடு முடிந்ததும் மாணவர்களின் வரைபடங்களை வாங்கிப் போக ஒரு வண்டி வருமாம். அந்த வண்டியில் தொற்றிக்கொண்டே கடைசிக் கோடுகளை இழுத்தவர்களும் உண்டு என்பார்கள். கெடுவுக்குள் மும்முரமாக வரைவது என்ற பொருள் அப்படி வந்தது. மூலம் லத்தீனின் ‘கர்ருஸ்’. தெருவில் ஓடும் காரும், மாப்பிள்ளை ஊர்வலத்துச் சாரட்டும் இதே குடும்பம்தான். நம்மிடம் ‘சகடம்’ இருக்கிறது. அது வடசொல் என்பவர்கள் உண்டு, நான் அதை ஏற்கவில்லை. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

என் பரிந்துரை ‘வரைகூடல்’. வரைந்த கூடல், வரைகின்ற கூடல், வரையும் கூடல் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை, ஆகவே இடையில் ‘க்’ வராது. வரை என்றால் மலையும் ஆகும். சேர்வராயன் மலையடிவாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ‘கூடல்’ என்றால் பாதிப் பேருக்கு மதுரை நினைவுக்கு வரும், மீதிப் பேருக்கு அகத்திணை. ‘பங்கேற்புத் திட்டமிடல்’ என்று பல கையேடுகளில் வந்து பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாமே? தமிழ்மணம் வேண்டும் என்றால், ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோமே, அந்த வழியில் ‘ஊர்கூடி வரைதல்’ எனலாம். மூலச்சொல்லில் உள்ள வண்டியும் தேராக வந்துவிடும்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அகத்திணை நினைவுக்கு வந்தால் நல்லதுதானே? ‘கூடல் இழைத்தல்’ என்று ஒன்று உண்டு. பிரிந்தவன் வருவானா என்று அறிய, தலைவி கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைவாள். முனைகள் கூடினால் வருவான். கூடலும் வரைதலும் நம் மரபில் முன்பே சேர்ந்திருக்கின்றன. ‘வரைவு’ என்றால் திருமணம். தோழி தலைவனிடம் வரைவு கடாவுவது, “எப்போது மணப்பாய்?” என்று வற்புறுத்துவதுதான். குவாரியை விட்டுவிட்டுப் போனவர்களிடம் ஊர் கேட்க வேண்டியதும் அதுவே: எப்போது பொறுப்பேற்பாய்?

இன்னொன்று. கலைச்சொல் ஆக்குவது சேலத்துக்குப் புதிதில்லை. 1916இல் ராஜாஜி இங்கே வக்கீலாக இருந்தபோது, வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பத்திரிகை இங்கிலீஷில் வந்ததைப் பாரதி குறை சொன்னார். அன்று ‘பரிபாஷை’ என்றதை இன்று ‘கலைச்சொல்’ என்கிறோம். முதலில் புரியாத சொல்லும் புழங்கினால் பழகும் என்பதற்கு அந்த மாற்றமே சான்று.

கருப்பூர், மேக்னசைட் சுரங்கத்தில் சர்வேயராக இருந்தவர்:

நாங்கள் ‘சுரங்கம்’ என்று எழுதுவோம், ‘மைன்ஸ்’ என்று பேசுவோம், மேக்னசைட்டை வெள்ளைக்கல் என்போம். மூன்றும் ஒரே ஆளின் வாயில் சண்டையில்லாமல் இருந்தன. அதனால் தூய்மை பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை.

‘கருத்துக்கேட்பு’ ஏன் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் வரும் கூட்டத்தின் பெயர் அது. பல வகைத் திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன் நடப்பது. கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை வகிப்பார், மக்கள் மைக்கில் பேசுவார்கள், அது பதிவாகும். ஆனால் திட்டம் முன்பே எழுதி முடிந்திருக்கும். அந்த அக்கா பயந்ததில் தப்பே இல்லை. இன்னொரு பக்கம் ‘சுரங்க மூடல் திட்டம்’. மேக்னசைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு 2017ஆம் ஆண்டு விதிப்படி, மூடுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறுதி மூடல் திட்டத்தைத் தர வேண்டும். அதைத் தயாரிப்பது குத்தகைதாரர். ஒன்றில் மக்கள் பேசலாம், வரைய முடியாது. இன்னொன்றில் வரைபவர் வேறு. டீச்சர் சொல்லும் மூன்று நாள் வேலை இரண்டிலும் சேராது. புதுச்சொல் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம், அழகு இல்லை.

ஏற்காடு அடிவாரம், ஆசிரியை:

சர்வேயர் ஐயா சொன்னதைப் போன ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்தேன். சத்துணவுக் கூடத்தில் ஒத்திகை மாதிரி ஒரு கூட்டம் வைத்தோம். மாணவர்கள் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்தார்கள். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருவர்கூடத் தொடவில்லை. அப்புறம் ஒரு பெண் வீட்டுக்குப் போய்க் கோலமாவு கொண்டுவந்தார். வாசலிலேயே பள்ளத்தை வரைய ஆரம்பித்தார்கள். குவாரியில் பல வருடம் ஜல்லி உடைத்த ஒரு பாட்டி குனிந்து, வடக்குச் சுவரில் ஒரு சின்னக் கல்லை வைத்தார். “இங்க ஊத்து இருக்கு கண்ணு. சித்திரையிலகூட கசியும். இதுமேல படி கட்டுனா பாசி புடிச்சு வழுக்கும்.” மாணவர்கள் படிக்கட்டு போட்டிருந்தது சரியாக அந்த இடத்தில்தான். அவர்கள் கையிலிருந்த வரைபடத்தில் ஊற்றே இல்லை. அன்றைக்கே படியைக் கிழக்கே மாற்றினார்கள்.

இது கருத்துச் சொல்வது இல்லை, பங்கேற்பதும் இல்லை. ‘பங்கேற்பு’ என்றால் யாரோ நடத்துவதில் போய் உட்கார்வது என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவது. கோலமாவில் தரைப்படம் போடுவது 1980களின் கடைசியிலிருந்தே தொண்டு நிறுவனங்கள் செய்கிற முறைதான் என்று தெரியும். ஆனால் அங்கே பல நேரம் படத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், முடிவு வேறெங்கோ நடக்கும். இங்கே வரைந்த கைதான் முடிவும் எடுக்க வேண்டும். ஆகவே சொல்லில் ‘வரை’ கட்டாயம் வேண்டும், ஐயாவோடு அதில் ஒத்துப்போகிறேன். ‘ஊர்கூடி வரைதல்’ என்று போடத்தான் நினைத்தேன். அந்தப் பாட்டியிடமே படித்துக் காட்டினேன். “ஊருன்னா அவுங்க மட்டுமா, எங்க காலனியும் வரலாமா?” என்றார்.

தர்மபுரி, உறுப்பினர்:

அந்தக் கேள்விக்கு மேல் இந்த இழையில் பேச ஒன்றுமில்லை. பல கிராமங்களில் ‘ஊர்’ என்றால் காலனியை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார்கள். தேர் உவமையும் அதே இடத்தில் இடிக்கும். வடத்தை யார் தொடலாம் என்று நீதிமன்றம் வரை போன கண்டதேவி இந்தத் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கல் உடைத்தவர்கள் காலனியில் இருக்க, அந்தப் பள்ளத்தைப் பற்றி ‘ஊர்’ கூடி முடிவெடுக்கும் என்று அச்சடிக்காதீர்கள். ‘எல்லாரும் கூடி’ என்று போடுங்கள்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

ஒப்புக்கொள்கிறேன், ‘ஊர்கூடி’யை எடுத்துவிடுங்கள். ஆனால் கலைச்சொல் என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும், பெயர்ச்சொல்லாக நிற்க வேண்டும், அடைமொழி ஏற்க வேண்டும். ‘எல்லாரும்’ என்று ஆரம்பிக்கும் சொல்லை அகராதியில் எங்கே வைப்பது?

ஏற்காடு அடிவாரம், ஆசிரியை:

அகராதி அடுத்த மாதம்கூட அச்சாகலாம். என் தாள் நாளைக்குப் போகிறது. தர்மபுரி உறுப்பினர் சொன்னதை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்: ‘எல்லாரும் கூடி வரையும் மூன்று நாள் முகாம்’. அதன் கீழே, ‘குவாரிப் பள்ளத்தை என்ன செய்வது என்று நாமே வரைந்து முடிவெடுப்போம். காலனி, ஊர், தோட்டக்காடு எல்லா வீட்டாரும் வரவும்.’ குழுவின் சொற்பட்டியலில் வரைகூடலைச் சேர்ப்பது உங்கள் விருப்பம்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘முகாம்’ அரபுச் சொல். மூன்று வரியில் அது ஒன்றுதான் உறுத்துகிறது, ‘வரைகூடல்’ இருந்தால் அதற்கு வேலையே இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘எல்லாரும்’ சரியான வடிவம். ஆகாரம் ஓகாரமாவது செய்யுளுக்குத்தான் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அச்சகத்தில் ‘எல்லோரும்’ என்று மாற்றிவிடுவார்கள், மெய்ப்பை நீங்களே பாருங்கள். தாளில் இரண்டு படி எனக்கும் அனுப்பி வையுங்கள் அம்மா, மூன்று நாளும் வருகிறேன்.