உதவித்தொகைப் பட்டியல் வரும்வரை முழுநேர ஆய்வில் நீடிப்பதா, கிடைத்த வேலையை ஏற்பதா?

கேள்வி: குலசேகரம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்தை அடுத்த மலையோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள் நான். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பேச்சிப்பாறை அணை 1906-இல் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்னும் பின்னும் நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதே என் ஆய்வு. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை, முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், எனக்கு வேண்டிய ஆவணங்களில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம், ரயில் கட்டணம், படி எடுக்கும் செலவு என்று கணக்குப் பார்த்துத்தான் புறப்பட வேண்டியிருக்கிறது.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டில் எனக்கு உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. உதவித்தொகையோடு வரும் ஜே.ஆர்.எஃப். தகுதிக்கான கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். அதனால் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு) பிரிவினருக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகைப் பட்டியலையே நம்பியிருக்கிறேன். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1,000 இடங்கள், அதில் அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதியவர்களுக்கான 250 போக, எங்களைப் போன்றவர்களுக்கு 750. என் மதிப்பெண் அதற்குள் வரும் என்றும் சொல்ல முடியவில்லை, வராது என்றும் சொல்ல முடியவில்லை.

அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை மூன்றரை மணிக்கு அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது நான் அடுக்களையில் நின்று கைப்பேசியில் பட்டியல் வரும் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். அந்த நேரத்தில் எந்த அலுவலகமும் பட்டியல் வெளியிடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை அங்கேதான் போகிறது. கைப்பேசியின் வெளிச்சத்தைப் பார்த்து அப்பா ஒரு நொடி நிற்பார், ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வலுத்தால் வெட்டு நின்றுவிடும். அந்த வாரங்களில் அவருடைய மௌனம் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

இப்போது ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் மாதம் 14,000 ரூபாய் சம்பளத்துக்கு அழைத்திருக்கிறார்கள். பதினைந்து நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதில் சேர்ந்தால் என் பதிவைப் பகுதிநேரமாக மாற்ற வேண்டியிருக்கும். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1: மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அக்கா

அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே உதவித்தொகையில்தான் நான் ஆய்வை முடித்தேன் என்பதால், எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், காத்திருக்கும் மாதங்கள் பறிபோகின்றன என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் தேர்வு பெற்றால், பட்டியல் வெளியான நாளிலிருந்து பணம் கணக்கிடப்படுவதில்லை. உதவித்தொகைக் காலம் தொடங்கும் நாள், நீங்கள் முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்த நாள் ஆகிய இரண்டில் எது பின்னதோ, அந்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. இடையில் உள்ள மாதங்களுக்கான தொகை நிலுவையாக மொத்தமாக வந்து சேரும். எனக்கு 2021-இல் கிடைத்தபோது மாதத் தொகை 31,000 ரூபாய். ஒன்பது மாத நிலுவையாக 2,79,000 ரூபாய் ஒரே நாளில் கணக்கில் ஏறியது. அன்று மாலையே அம்மாவை அழைத்துக்கொண்டு போய், என் படிப்புக்காக அடகு வைத்திருந்த அவருடைய சங்கிலியை மீட்டேன். வெளியே வந்ததும் அம்மா அதைக் கழுத்தில் போடவில்லை. பேருந்தில் வீடு வரைக்கும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டே வந்தார். 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், அதன் பிறகு 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்களைப் போன்ற கலைப்பிரிவு ஆய்வாளருக்கு, முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் சில்லறைச் செலவுக்கென்று தனியாகவும் உண்டு. உங்கள் ரயில் கட்டணத்துக்கும் படிகளுக்கும் அது உதவும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, நீங்கள் முழுநேர ஆய்வாளராக இருப்பதுதான். பகுதிநேரமாக மாறிய பிறகு பட்டியலில் பெயர் வந்தால், அதைக் கண்ணால் பார்க்கலாமே தவிரக் கையில் வாங்க முடியாது.

இரண்டாவது, சான்றிதழ்கள். நம்மிடம் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் இதற்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லாதோர் என்ற ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் உரிய நிதியாண்டுக்கு உரியதாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைக் கடந்துதான் அது வரும். பட்டியல் வந்த பிறகு ஓடினால், ஆவணங்களைப் பதிவேற்றக் கொடுக்கும் நாட்கள் ஓட்டத்திலேயே போய்விடும். ஆதார் எண்ணை வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டீர்களா என்பதையும் இன்றே பாருங்கள்.

மூன்றாவது, பணம் வரத் தொடங்கிய பிறகும் கவனம் தேவை. மாதந்தோறும் நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று நிறுவனம் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவிட, மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். என் காலத்தில் அந்த இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போக, நான்கு மாதங்கள் தொகை நின்றது. யாரையும் நோக இதைச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் யார் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: முட்டம் கடற்கரையிலிருந்து

அக்கா சொன்னதற்கு என் வாழ்க்கையே சாட்சி என்பதால் எழுதுகிறேன்.

நான் விலங்கியல் ஆய்வாளன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை மனத்தில் வைத்துத்தான் முழுநேரமாகப் பதிவு செய்தேன். 2022-23 முதல் அந்தத் திட்டம் நிறுத்தப்படுகிறது என்று 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்குத் தொடரும், புதியவர்களுக்கு இல்லை. நான் புதியவன். அந்தச் செய்தி வந்த நாளில் ஆய்வகத்தில் மீன் மாதிரிகளை அளந்துகொண்டிருந்தேன்; அளவுகோலைக் கீழே வைக்கத் தோன்றாமல், எழுதியதையே மறுபடி மறுபடி எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இன்றும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒரே நீளம் ஐந்து வரிகளில்.

அடுத்த மாதமே ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து பகுதிநேரமாக மாறினேன். வீட்டுக்கு அது தேவையாக இருந்தது. அதைத் தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓராண்டுக்குள் என் பாடத்துக்குப் பொருந்திய வேறோர் உதவித்தொகை அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தின் முதல் நிபந்தனையே, முழுநேர ஆய்வாளராக இருக்க வேண்டும் என்பது. விண்ணப்பப் படிவத்தை அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

தங்கையே, என் ஆதங்கம் எல்லாம் நான் அவசரப்பட்டு மாறினேன் என்பதில்தான். மாறுவதற்கு முன்னால் இன்னும் எத்தனை மாதம் வீடு தாங்கும் என்று அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், ஒரு மீன்பிடித் தடைக்காலத்தைச் சமாளிக்கிறவர்கள் இதையும் சமாளிக்க ஒரு வழி சொல்லியிருப்பார்கள். நாம் வீட்டுக்குப் பாரமாகிவிடுவோம் என்று பயந்து, வீட்டாரிடம் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறோம். நீங்கள் கேளுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற பேராசிரியர், நாகர்கோவில்

மகளே, மேலே எழுதிய இருவரும் அனுபவித்தவர்கள். அவர்கள் சொன்னதோடு எனக்கு உடன்பாடே. ஆயினும், நெறியாளராக இருந்தவன் என்ற முறையில், ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முழுநேரமா பகுதிநேரமா என்ற கேள்வியை, முடிவு எப்போது வரும் என்ற கேள்வியிலிருந்து பிரித்துவிடுங்கள். முடிவு வரும் நாள் உங்கள் கையில் இல்லை. உங்கள் வீடு தாங்கும் நாள் உங்கள் கணக்கில் இருக்கிறது. ஆகவே உங்களுக்கென்று ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள்வரை வேலையைப் பற்றி யோசிக்க வேண்டாம். அந்த நாள் கடந்தால் மனவருத்தம் இல்லாமல் வேலைக்குப் போங்கள். பட்டியலை எதிர்பார்த்து ஒவ்வொரு நாளும் முடிவை மாற்றிக்கொண்டிருப்பதுதான் மாணவர்களை உருக்குலைக்கிறது. நல்ல மாணவர்கள் சிலர், மறுக்கப்பட்டதால் அல்ல, காத்திருந்து களைத்ததாலேயே ஆய்வை விட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் ஆய்வுப் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறையில் தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்டறிந்துதான் நாஞ்சில் நாட்டு விவசாயி கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு விதை நனைக்கிறார். தண்ணீர் தாமதமானால் அவர் கேள்வி கேட்பார், மனுக் கொடுப்பார், ஏனென்றால் அவருக்கு ஒரு நாள் சொல்லப்பட்டிருக்கிறது. ஆய்வு மாணவர்களுக்கு அப்படி ஒரு நாள் சொல்லப்படுவதே இல்லை. தொகையை உயர்த்துவது நல்லதுதான். அதைவிட முதலில் செய்ய வேண்டியது, பட்டியல் வெளியாகும் நாளை அறிவித்து அதைக் காப்பாற்றுவது என்று நான் உறுதியாக நம்புகிறேன். செலவில்லாத சீர்திருத்தம் அது.

காலத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்கு உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தளர்வு தரப்படலாம். பதினான்கு மாதங்களில் நீங்கள் பின்தங்கிவிடவில்லை.

ஒரே வாசலில் நிற்கவும் வேண்டாம். வரலாற்றுத் துறை என்பதால் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகையைப் பாருங்கள். நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் சென்றுவர அதனிடம் தனி நல்கையும் உண்டு. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் வழங்குகிறது. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. ஒரே நேரத்தில் இரண்டைப் பெற இயலாது என்றாலும், இரண்டுக்கு விண்ணப்பிப்பதில் பிழையில்லை.

ஒன்று மட்டும்: திருவனந்தபுரம் பயணத்தை, பணம் வந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். மாதம் ஒரு முறையாவது போய் அமர்ந்து, ஓலை ஆவணக் கட்டுகளான சுருணைகளைப் படித்துக் கையால் எழுதி வாருங்கள். படி எடுக்கக் காசில்லாமல் கையால் எழுதிய காலத்தில்தான் பழைய எழுத்து எனக்குப் பழகியது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அக்காவுக்கும், முட்டத்து அண்ணனுக்கும், ஐயாவுக்கும் என் நன்றி.

நேற்று அப்பா ரப்பர் பாலை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியதும் மூன்று பதில்களையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணன் எழுதியதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு நான் கேட்டேன், எத்தனை மாதம் தாங்கும் என்று. அவர் மழை நாட்களையும், ஒட்டுப்பால் விற்கிற காசையும், தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, தை மாதம் வரை என்றார். இத்தனை மாதங்களாக நான் பயந்துகொண்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று.

ஆகவே தை மாதக் கடைசி நாள் என்று நாள் குறித்திருக்கிறேன். வேலைக்கு அழைத்த கல்லூரிக்கு, இப்போது இயலாது என்று மரியாதையாகக் கடிதம் எழுதிவிட்டேன். அதுவரை ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். நெறியாளரிடம் சொல்லி அனுமதி பெற்றுவிட்டேன். புதன்கிழமை குழித்துறையிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் போகிறேன்.

ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாகவும், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தாகவும் இருக்கிறது. இது பின்னால் தடையாகுமா, அக்கா?

மார்த்தாண்டத்து அக்காவின் மறுமொழி

ஆகும் தங்கையே, எனக்கு ஆனது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே உங்கள் பெயர் எல்லாவற்றிலும் இருக்கட்டும். நெட் விண்ணப்பத்தில் எப்படி எழுதினீர்கள் என்று முதலில் பாருங்கள். ஆதாரில் திருத்த வேண்டுமானால் இந்த வாரமே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வங்கிக் கணக்கிலும் அதே பெயர்தானா என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஒரு முறை சரிபாருங்கள். புதன்கிழமை ரயிலில் போகும்போது அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்பாதீர்கள், யாருக்குமே அனுப்பாதீர்கள். பெயர் மட்டும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.