தகட்டில் 885, ஸ்டியரிங் வலப்பக்கம்: இந்த ஈ-டைப் எங்கிருந்து வந்தது?

தகடுதேடி:
வணக்கம். காலமான என் பெரியப்பாவின் ஜாகுவார் ஈ-டைப் கூப்பே (நிலையான கூரை கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்) இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பானெட்டுக்குள் உள்ள தகட்டில் சேசிஸ் எண் (காரின் அடையாள எண்) 885 என்று தொடங்குகிறது. ஸ்டியரிங் வலப்பக்கம். கார் என் பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் அவருக்கு முன் யாரிடம் இருந்தது என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. கடைசிவரை ஞாயிறுதோறும் தம் கையாலேயே துடைத்து வைத்த கார். அதன் பூர்வீகம் தெரியாமல் சும்மா இருக்க மனம் வரவில்லை. எங்கே தொடங்குவது?

பழைய பிஸ்டன்:
உங்கள் எண்ணே பாதி கதையைச் சொல்கிறது. 3.8 லிட்டர் கூப்பேக்களில் வலப்பக்க ஸ்டியரிங் 860001-லும் இடப்பக்க ஸ்டியரிங் 885001-லும் தொடங்கின. ஆகவே, ஒன்று யாரோ பிற்பாடு ஸ்டியரிங்கை மாற்றியிருக்கிறார்கள்; இல்லையென்றால் தகடு வேறொரு காருடையது. தகடு கழற்றி மாட்டக்கூடிய பொருள், அதை மட்டும் நம்பாதீர்கள். வலப்பக்க முன் ஷாக் அப்சார்பரின் மேல் முனைக்கு மேலே, குழாய்ச் சட்டத்தின் குறுக்குத் துண்டில் அதே எண் பொறித்திருக்க வேண்டும். துருவையும் பெயிண்டையும் சுரண்டாதீர்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துகள் நிழலில் எழும்பி வரும்.

நான் அப்படிப் பார்த்தபோது என் காரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. ஈ-டைப்பில் முன்சட்டம் உடலோடு போல்ட்டால் இணைக்கப்பட்டது என்பதும், விபத்தில் நெளிந்தால் புதுச்சட்டம் போட்டுவிடுவார்கள் என்பதும் பிறகுதான் உறைத்தது. வெறுமை என்றாலே திருட்டு அல்ல.

எஞ்சின் எண்ணையும் பாருங்கள். பிளாக்கின் வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒன்று, சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில் ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால், ஜாகுவாரின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டுக்கு எழுதுங்கள். உரிமைச் சான்று கேட்பார்கள். தயாரித்த நாள், முதல் நிறம், எந்த விநியோகஸ்தருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அவர்கள் தரும் சான்றிதழில் வரும்.

நீலக்கதவு:
ஒரு வேண்டுகோள். முழு எண்ணையும் பொதுவில் போட்டுவிடாதீர்கள்; அதே எண்ணில் இன்னொரு கார் முளைத்துவிடும். நான்கே செய்யப்பட்ட புகாட்டி டைப் 57 எஸ்சி அட்லாண்டிக் கார்களில் 57453 எண் கொண்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மறைந்து, இன்றுவரை அகப்படவில்லை. அதைத் தேடுகிறவர்கள் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு அலைகிறார்கள். உங்களிடம் காரே இருக்கிறது. பின்புற விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் வீல் இருக்கும் குழியின் மூலையில் பழைய பெயிண்ட் தெரிகிறதா என்று பாருங்கள்.

தகடுதேடி:
இருவருக்கும் நன்றி. சட்டத்தில் எண் இருக்கிறது, தகட்டோடு பொருந்துகிறது! எஞ்சின் எண்கள் இரண்டும் ஒன்றே. ஸ்பேர் வீலைத் தூக்கியபோது சிவப்புக்கு அடியில் நகக்கண் அளவுக்கு வெள்ளிநீலம் எட்டிப் பார்த்தது. பெரியம்மாவை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "உன் பெரியப்பாவுக்கு இது தெரியாதே" என்றார். சான்றிதழுக்கு இன்று எழுதிவிட்டேன்.